ஓரத்தில் தெரிந்த நீலம்

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம்கூடக் காற்றில்லை. வாங்க வேண்டியவை: தயிர், பேனா, அம்மாவுக்குத் தைலம்.

பம்ப் தண்டுக்குப் போட்ட பூச்சின் எக்ஸ்-ரே முடிவு வந்தது. மோசம். வரைபடத்தில் கோடு ஒரே மேடாக, வழவழவென்று இருக்க வேண்டும். மூன்று இடத்தில் ஊசி ஊசியாக நிற்கிறது. உலோகம் கண்ணாடித் தன்மையை இழந்து படிகமாகிவிட்டது. இனி உப்புத் தண்ணீரில் துரு உள்ளே போகும்.

மேனேஜர் நேராக ஸ்ப்ரே மிஷின் ஓட்டும் செல்வத்திடம் போனார்.

"சீக்கிரம் முடிக்கணும்னு ஹீட்டரை ஏத்தி வெச்சியா?"

"இன்னா சார் நீங்க. மேடம் எழுதிக் குட்த்த சூட்லதான் அட்ச்சேன்." மேடம் என்றது என்னை.

"அப்போ பேப்பர் பொய் சொல்லுதா?"

நாளையிலிருந்து செல்வத்துக்கு மிஷின் இல்லை. துரு நீக்கும் அறையில் வேலை.

ஜூலை 9, செவ்வாய்

மழை வருமென்று குடை. வரவில்லை.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது: பூச்சுக்கான உலோகப் பொடி உருகுவதே இல்லை. சூடான வாயு அதை ஒலியைவிட வேகமாகத் தள்ளுகிறது. மோதிய வேகத்தில் தட்டையாகி ஒட்டிக்கொள்கிறது. உள்ளே அணுக்கள் வரிசை எதுவும் இல்லாமல், கிடந்தபடியே. சூடு மிஞ்சினால் வரிசையில் நின்றுவிடும். ஒழுங்குக்கு வந்தால் கெட்டுப்போகும் பொருள். இதை யாரிடமாவது சொல்ல ஆசை. வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை.

திருமழிசை டீக்கடை. செல்வத்தின் தலையெல்லாம் துரு நீக்கும் அறையின் வெள்ளைத் தூசு. கூட வேலை செய்பவர் ஒருவர் கேட்டார்:

"இன்னா அண்ணாத்தே, சுண்ணாம்பு அட்ச்சுகினு வந்துட்ட?"

"பவுடர் போட்டுகினு பொண்ணு பாக்கப் போறேன் மாமே."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும். என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 10, புதன்

பஸ்ஸில் புத்தகம் மடியில் விரித்தபடி. ஒரு பக்கம்கூட நகரவில்லை.

எழுதிவிடுகிறேன். தண்டோடு சேர்த்துப் பூச்சடித்த சோதனைத் தட்டிலிருந்து எக்ஸ்-ரேக்குத் துண்டு வெட்டியது நான். வெட்டும்போது சூடேறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும்; அன்று டேங்கில் தண்ணீர் இல்லை. துண்டை லேபுக்கு எடுத்துப்போக வந்த கூரியர்காரர் வாசலில் அவசரப்படுத்தினார். தண்ணீர் ஊற்றாமலே வெட்டினேன். கருகல் வாடை. ஓரத்தில் நீலம், மயில் கழுத்து மாதிரி. பார்த்தேன். எமரித் தாளால் தேய்த்து எடுத்துவிட்டு அனுப்பினேன். அந்த நீலம் எவ்வளவு சூட்டில் வரும் என்று தெரியாதவளா நான்? துண்டைக் கெடுத்தது நான் வெட்டிய சூடாகத்தான் இருக்கும்.

மேனேஜர் செல்வத்தைத் திட்டும்போதே தெரியும். என் வேலை நிரந்தரமாக இன்னும் பத்து நாள். அதனால் வாய் திறக்கவில்லை. வேறு காரணம் இல்லை.

ஜூலை 11, வியாழன்

சொல்லிவிட்டேன். மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். "சரிம்மா. மிச்சத் தட்டுல திரும்ப வெட்டுங்க. செல்வத்தை மிஷினுக்கு வரச் சொல்லுங்க." நிரந்தரம் பற்றிப் பேச்சே இல்லை.

செல்வத்திடமும் நானே சொன்னேன். வந்து தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டார். வெட்டினேன். ஓரம் பளிச்சென்று வெள்ளை. தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"மூணு நாளா ஊட்ல சோறு எறங்கல மேடம். நம்ம கைதான் தப்பு பண்ணிட்ச்சோன்னு. திங்கக்கெயமயே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

குழாயை மூடினார். துண்டைத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். மிஷின் பக்கம் போய்விட்டார்.