பதினேழாம் பக்கத்தில் வராத கதை

போன வாரம் அலுவலகத்தில் பக்கத்து மேஜைப் பெண் நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தாள். மாலையில் ஏதோ வரவேற்புக்குப் போக வேண்டுமாம். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் கணினித் திரையிலிருந்து தலையைத் தூக்கி உன்னைத் தேடினேன். கல்லூரிப் பத்திரிகைக்காக அடிக்கும் ஸ்டென்சில் மெழுகுத்தாளில் தப்பாக விழுந்த எழுத்தை அடைக்க நீ தடவுவாயே, அந்தச் சிவப்புத் திரவத்தின் வாடை அது. நீ போய் மூன்று வருடமாகிறது. ஆனாலும் ஒரு நொடி, நீ எனக்குத் தெரியாமல் எதையோ அழித்துக்கொண்டிருக்கிறாய் என்றுதான் தோன்றியது.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பாசம் இல்லை, சந்தேகம். இதை நீ உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கிறேன், வேறு வார்த்தைகளில்.

கல்லூரியில் தமிழ் படித்தவர்களே கொஞ்சம். அதில் எழுத ஆசைப்பட்டவர்கள் இன்னும் கொஞ்சம். மூன்றாவது மணி அடித்து எல்லோரும் போன பிறகு நாம் இருவரும் துறை அறையில் உட்கார்ந்து செய்த பத்திரிகைக்கு அதையே பெயராக வைத்தோம்: 'மூன்றாவது மணி'. நீ அத்திபெலேயிலிருந்து பஸ் பிடித்து வருவாய். அப்பாவின் பஞ்சர் கடையில் உட்கார்ந்து கணக்குப் பாடம் எழுதிய கை உன்னுடையது. தட்டச்சும் அதே வேகத்தில் வந்தது. நான் விவேக் நகரிலிருந்து நடந்தே வருவேன். கதை கேட்டு வாங்குவது, பிழை பார்ப்பது என் வேலை. சைக்ளோஸ்டைல் மெஷினில் மாட்ட ஸ்டென்சில் அடிப்பது உன் வேலை. உன் கையைத் தாண்டித்தான் எந்த வரியும் காகிதத்துக்குப் போகும். அப்போது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

தொண்ணூற்று ஒன்று டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக ஊர் எரிந்தது. என் அப்பா பொம்மசந்திராவில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில் பஸ்ஸை ஒரு கூட்டம் நிறுத்தியது. ஒவ்வொருவரையும் கன்னடத்தில் பேசச் சொன்னார்கள். அப்பா இந்த ஊரிலேயே பிறந்தவர். அவர் கன்னடத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் அவரோடு வேலை செய்கிறவர். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அப்பாவின் டிபன் கேரியரில்தான் பாதி நாள் அவருக்குச் சாப்பாடு. "இவன் உன் கூட வந்தவனா?" என்று அப்பாவைக் கேட்டார்கள். அப்பா "கொத்தில்லா" என்றார். கன்னடத்தில் தெரியாது என்று அர்த்தம். அந்த மனிதரைக் கீழே இழுத்துப் போட்டார்கள். கை முறிந்து ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

இதை அப்பா என்னிடம் சொல்லவில்லை. சமையலறையில் அம்மாவிடம் சொன்னார், குரல் உடைந்து. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு மாதத்தில் அதைக் கதையாக எழுதினேன். பெயர்களை மாற்றினேன், ஊரை மாற்றவில்லை, டிபன் கேரியரை மாற்றவில்லை. 'கொத்தில்லா' என்று தலைப்பு வைத்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை நான் எழுதியதில்லை. ஆறு பக்கத்தையும் உன்னிடம் கொடுத்தேன். பதினேழாம் பக்கத்தில் தொடங்கலாம் என்று நீயே குறித்து வைத்தாய்.

இதழ் வந்த அன்று பதினேழாம் பக்கத்தைத் திருப்பினேன். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய கிண்டல் கட்டுரை இருந்தது.

"என் கதை எங்கடி?"

"ஸ்டென்சில் கிழிஞ்சிடுச்சு. மெஷின்ல மாட்டும்போது."

"ஆறுமா கிழிஞ்சுது?"

"ஆமா."

நீ தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய் இதழை மறுபடி பார்த்தேன். பதினாறுக்குப் பிறகு பதினேழு, பதினெட்டு, கடைசி வரை ஒரு எண்கூடக் குதிக்காமல் வந்தது. மெஷினில் மாட்டும்போது கிழிந்திருந்தால் பின்னால் உள்ள பக்கங்கள் எல்லாம் ஏற்கெனவே எண் போட்டு அடிக்கப்பட்டிருக்க வேண்டும். பதினாறுக்கு அடுத்தது இருபத்து மூன்றாக இருந்திருக்க வேண்டும். ஆக, அடிக்க உட்காரும் முன்பே என் கதையை நீ எடுத்துவிட்டாய்.

மறுநாள் இதைச் சொன்னேன். நீ பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாய்.

"கதை நல்லாத்தான் இருக்கு," என்றாய். "ஆனா அது உன் கதை இல்லடி."

"யாருகிட்டேர்ந்து திருடினேன்னு சொல்லு பாக்கலாம்."

நீ பேனாவை மூடிப் பைக்குள் போட்டாய். காப்பி அடித்தேன் என்று சொல்கிறாய் என்றே எடுத்துக்கொண்டேன். அதே இதழில் உன் கதையும் வந்திருந்தது. விரிவுரையாளர் வகுப்பில் அதை வாசித்துக் காட்டிப் பாராட்டினார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இதழ் வருவதற்கு முந்தின சனிக்கிழமை நீ விவேக் நகரில் நடந்து போனதைப் பார்த்ததாக எங்கள் தெருப் பெண் சொன்னாள். சனிக்கிழமைகளில் நான் கம்ப்யூட்டர் வகுப்பில் இருப்பேன் என்று உனக்குத் தெரியும். கேட்டேன். "கோயிலுக்கு வந்தேன்," என்றாய். எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்கு எல்லா மதத்தவரும் வருவார்கள்தான், ஆனால் வியாழக்கிழமை, சனிக்கிழமை இல்லை. உன் பொய்களில் எப்போதும் ஒரு சின்னக் கவனக்குறைவு இருந்தது.

நாம் பேச்சை விடவில்லை. அடுத்த இரண்டு இதழ்களையும் சேர்ந்தே செய்தோம். ஆனால் நீ அடித்த ஒவ்வொரு பக்கத்தையும் கையெழுத்துப் படியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன், உன் எதிரிலேயே. நீ காத்திருப்பாய்.

அந்தப் பழக்கம்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஓசூர் ரோட்டில் மென்பொருள் சோதிக்கும் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, "நீங்க சமீபத்துல கண்டுபிடிச்ச ஒரு தப்பைச் சொல்லுங்க," என்றார்கள். சமீபத்தில் எதுவும் இல்லை. பக்க எண்ணைச் சொன்னேன். கேட்டவர் சிரித்தார், வேலை கிடைத்தது. பத்து வருடமாக மற்றவர்கள் எழுதிய நிரலில் அவர்கள் மறைத்ததைத் தேடி எடுக்கிறேன். 'இவ ஸ்கிரீனைப் பாக்க மாட்டா, நம்ம மூஞ்சியத்தான் பாப்பா' என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

நீ பொம்மசந்திரா தொழிற்சாலை ஒன்றில் ஆளெடுப்புப் பிரிவுக்குப் போனாய். தொழிலாளர்களுக்கான அறிவிப்புகளைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டுவது உன் பொறுப்பு. ஒருமுறை உன்னைப் பார்க்க வந்தேன். கேன்டீனிலிருந்து தட்டு எடுத்துப்போன ஒருவரைப் பற்றி மேலாளர் எழுதிக் கொடுத்த காகிதம் உன் மேஜையில் இருந்தது. நீ அடித்த அறிவிப்பில் அந்த ஆளின் பெயர் மட்டும் இல்லை.

"பேரு போடச் சொல்லியிருக்காரே?"

"எடுத்தவருக்குப் பேரு இல்லாமலே புரியும். மத்தவங்களுக்கு எதுக்கு? அவரு பசங்க கம்பெனி பஸ்லதான் ஸ்கூலுக்குப் போகுதுங்க."

"மேனேஜர் கேட்டா?"

"டைப் பண்றப்போ விட்டுப்போச்சும்பேன்."

வெட்டுவது உனக்குப் படிக்கும் காலத்திலிருந்தே கைவந்த கலை என்று நான் சொன்னேன். நீ என் கிளாஸில் டீ ஊற்றினாய்.

கடைசியாக உன்னைப் பார்த்தது மருத்துவமனையில். புற்றுநோய் உன் முடியையும் பாதி உடம்பையும் எடுத்துக்கொண்டிருந்தது. நான் வெட்கமில்லாமல் அப்போதும் கேட்டேன்.

"இப்பவாவது சொல்லுடி. ஸ்டென்சில் கிழியலதானே?"

"கிழியல." நீ சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்தது. "பக்க நம்பரை அப்படியே குதிக்க விட்டிருக்கணும். அது என் தப்பு."

"ஏன் எடுத்த?"

"அதைச் சொல்றதா இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்," என்றாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டாய். தூங்குகிறாயா, நடிக்கிறாயா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நாளில் போய்விட்டாய்.

அத்திபெலேக்கு அப்பாவும் வருகிறேன் என்றார். ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு இருந்தவர். கல்லூரி நாட்களில் நாலைந்து முறை பார்த்த பெண்ணுக்காக எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதுமே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை. உன் அம்மா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து, "வாங்கண்ணே, இப்படிப் பண்ணிட்டுப் போயிட்டா பாருங்க," என்றார். நான் அப்பாவை அங்கே ஒருநாளும் கூட்டி வந்ததில்லை. உன் அம்மாவுக்கு அவரை எப்படித் தெரியும்? என்னென்னவோ ஓடியது மனத்தில். உன் உடம்பு இன்னும் கூடத்தில் கிடக்கிறது. நான் அப்பாவையும் உன்னையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "டாடி, அவங்க வீட்டுக்கு நீங்க முன்னாடி போயிருக்கீங்களா?"

"ஒரு தடவ."

"எதுக்கு?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ எழுதினியே, பஸ்ஸு கத. அத எடுத்துக்கிட்டு ஒரு சனிக்கெழம அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்துச்சு. 'அங்கிள், இது உங்களப் பத்தினதுன்னு நெனைக்கிறேன். போடலாமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்'னுச்சு."

பதின்மூன்று வருடமாக அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கதவருகே நின்றது, கேட்டது, எழுதியது எல்லாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டு வாட்டி படிச்சேன். போடாதம்மான்னேன். நான் படிச்சது எம் பொண்ணுக்குத் தெரிய வேணாம், சத்தியம் பண்ணுன்னேன். பண்ணுச்சு."

"என் கதைய என்னைக் கேக்காம உங்ககிட்ட எப்படிக் காட்டலாம் அவ?"

அப்பா என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. "அவ என்கிட்ட கேக்க வந்தாம்மா. நீ கேக்கவே இல்லியே."

கொஞ்ச தூரம் போன பிறகு மீதியைச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து நீ மறுபடி வந்தாயாம். அந்த மனிதரின் ஊர் எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், நான் கூட வருகிறேன், போகலாமா என்று கேட்டாயாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சங்கக் கூட்டம் என்று எங்களிடம் சொல்லிவிட்டு அப்பா கிளம்பியிருக்கிறார். போகும் வழியில் உங்கள் வீட்டில் சாப்பாடு. அந்த மனிதரின் வீட்டைக் கண்டுபிடிக்க நீதான் தெருத் தெருவாக விசாரித்தாயாம்.

"கை பாதிதான் மடங்குது அவனுக்கு. வாங்கன்னான். காப்பி குடுத்தான். லேத்து நல்லா ஓடுதான்னு கேட்டான், உன்னப் பத்திக்கூட கேட்டான். அன்னைக்கு நடந்தத மட்டும் பேசவே இல்ல. கெளம்பறப்போ நானே ஆரம்பிச்சேன். 'வுடுங்கண்ணே, பஸ்ஸு போயிடும்'னுட்டான்."

"மன்னிச்சுட்டாரா டாடி?"

"தெரியல. அதுக்கப்புறம் எனக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சு. அவனுக்கு எப்படின்னு தெரியல."

என் கதையின் முடிவில் அந்த அப்பா தன் நண்பனை மறுபடி பார்ப்பதே இல்லை. அந்த முடிவை நான் மிகவும் மெச்சிக்கொண்டேன். நீ அதை அச்சில் திருத்தவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாய், அவ்வளவுதான்.

இருந்தாலும் உன்மேல் எனக்குக் கோபம் முழுதாகத் தீரவில்லை. காட்டும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை போட்டுக் கதையைப் பிடுங்கிக்கொண்டு வேறு பத்திரிகைக்கு அனுப்பியிருப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அது உண்மைதான். ஆனாலும் என் சந்தேகத்தை இத்தனை வருடம் வாங்கிக்கொண்டு என் எதிரில் டீ ஊற்றினாயே, அது கருணையா, பிடிவாதமா, இல்லை என்னைப் பற்றி நீ வைத்திருந்த மதிப்பீடா என்று இன்னும் யோசிக்கிறேன். பார்த்தாயா, இதிலும் சந்தேகம்தான்.

நம் பத்திரிகையில் நான் கற்றது பிழை கண்டுபிடிக்க. நீ கற்றது வேறு. அதைக் கொஞ்சம் தாமதமாக உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் ஒரு தப்பைப் பட்டியலில் ஏற்றும் முன், அதை எழுதியவரிடம் எழுந்து போய், "இப்படி இருக்கு, போடட்டுமா?" என்று கேட்கிறேன். அவர்கள் முன்னைவிட அதிகமாகப் பயப்படுகிறார்கள். பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

இந்த மடலை முடித்ததும் அப்பாவிடம் கொடுத்தேன். "டாடி, இது உங்களப் பத்தியும் இருக்கு. வெச்சுக்கலாமா, கிழிச்சிடட்டுமா?" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு அடியில் வைத்து வெகுநேரம் படித்தார். அவர் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இருக்கட்டும்," என்றார். "அவன் பேரப் போடல, அது நல்லது. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு, எழுதிக்கோ. அன்னைக்கு நான்தான் ஏறினதும் ஜன்னல் சீட்டப் புடிச்சுக்கிட்டேன். கூட்டம் வந்தப்போ நடக்கற வழிப் பக்கமா, அவங்க கைக்கு எட்டுற எடத்துல இருந்தது அவன்."

எழுதிக்கொண்டேன்.