சும்மா இருந்த ஸ்பீக்கர்

இஞ்சருங்கோ,

நேற்று மார்க்கம் நகரத்தில் ஒரு கடையில் என் மானம் போயிற்று. வீட்டுக் கணினியின் ஸ்பீக்கர் வாயை மூடிவிட்டது என்று புதிதாக ஒரு சோடி வாங்கப் போயிருந்தேன். விற்பனைக்கு நின்ற பெண் ஏதோ ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். நான் பாட்டை நிறுத்தச் சொன்னேன். சத்தக் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டு, ஒன்றும் பாடாமல் இருந்த அந்தப் பெட்டியில் காதை வைத்துக் குனிந்து நின்றேன். என்னைப் பார்த்துச் சிரிப்பதா, உட்காரக் கதிரை கொண்டுவந்து தருவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் உங்களைப் போலவே குனிந்து நிற்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. கனடாவில், ஸ்காபரோவில் ஓர் உயரமான கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தோம். எனக்கு ஏழு மாதம். இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, அதிர்ச்சி ஒன்றும் வரக்கூடாது, படுத்திருக்க வேண்டும் என்று டொக்ரர் சொல்லியிருந்தார். நீங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டீர்கள். பகலில் தொழிற்சாலை, பின்னேரம் கணினி வகுப்பு என்று ஓடுவீர்கள். யாரோ கழித்துவிட்ட கணினி ஒன்றைத் தூக்கிவந்து வரவேற்பறை மூலையில் வைத்திருந்தீர்கள். அதற்குக் குரல் இல்லை. எனக்குத் துணை சமையலறை ரேடியோதான். சனி ஞாயிறு பின்னேரங்களில் தமிழ் நிகழ்ச்சி வரும். பாட்டு, நகைக்கடை விளம்பரம், நடுவில் மரண அறிவித்தல். ஊரில் யார் கண்ணை மூடினாலும் இந்த நகரத்துத் தமிழ்ச் சனம் அதை அறிவது அந்த அறிவித்தலில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலையால் வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் போய் ரேடியோவின் வயரைப் பிடுங்கினீர்கள்.

"உதுக்கு என்ன நடந்தது?" என்றேன்.

"கரகரக்குது. ஒருத்தரிட்டைத் திருத்தக் குடுக்கப்போறன்."

"காலமை நல்லாய்த்தானே பாடினது?"

"இல்லை, கரகரக்குது. நாளைக்குக் கொம்பியூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்குவம். நீர் சீடீ போட்டுப் பாட்டுக் கேக்கலாம்."

ஒரு சட்டை வாங்கவே ஒரு மாதம் யோசிக்கும் மனிதர், கேளாமலே ஸ்பீக்கர் வாங்கித் தருகிறார் என்று நான் பூரித்துப் போனேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். படுத்திருக்க வேண்டியவளை ஏன் பனிக்குள் இழுக்கிறீர்கள் என்று நான் யோசிக்கவில்லை. சனத்தின் வாயைக் கட்டி முடியும்வரை, டெலிபோன் இருக்கிற வீட்டில் என்னைத் தனியே விட உங்களுக்குப் பயம் என்பது பிறகுதான் விளங்கியது. கடை கடையாய் ஏறி இறங்கினோம். பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த, சத்தத்தின் வலுவைச் சொல்லும் வற்ஸ் கணக்கைப் பார்த்து "உது முழுப்பொய்" என்று தள்ளிவிட்டீர்கள். ஸ்பீக்கரைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தீர்கள். கடைக் கணினியின் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நிறம் கலங்குகிறதா என்று பார்த்தீர்கள். ஸ்பீக்கருக்குள் இருக்கிற காந்தம் மூடப்படாததென்றால் திரையின் ஓரம் பச்சையும் ஊதாவுமாய் வழியும். அதை உடனே திருப்பிக் கொடுத்தீர்கள். ஒரு சீடீயைப் போட்டு, பாட்டை விட்டுவிட்டுப் பேச்சு வருகிற இடத்தைத் தேடி எடுத்தீர்கள்.

"பாட்டு எதிலையும் நல்லாய்த்தான் கேக்கும். மனிசர் கதைக்கிறதுதான் ஸ்பீக்கரைக் காட்டிக் குடுக்கும்" என்றீர்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குமிழை முழுதாகத் திருப்பி, காதை வைத்தீர்கள். கடைக்காரச் சீனர் பொறுமை இழந்து என்னைப் பார்த்தார். நான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏன் உதுக்கு இவ்வளவு நேரம்?"

"சும்மா இருக்கேக்கை என்ன சொல்லுது எண்டு கேக்கோணும்."

இன்றைக்கு அந்தக் காட்சியை நினைத்தால் முதுகு கூசுகிறது. அன்று உங்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, பேசாத பெட்டி ஒவ்வொன்றிலும் காதை வைத்து, அது பேசாது என்று உறுதிப்படுத்திக்கொண்டிருந்தீர்கள்.

கனத்த பெட்டியும் பெரிய பாஸ் ஒலியும் உள்ளவை எங்கள் கைக்கு எட்டவில்லை. நீங்கள் தெரிந்தெடுத்த சோடி சிறியது, மரப்பெட்டி, குரல் தெளிவு. ஒரு குறைதான். வயர் மெல்லியது, நீளமானது. "வயர்தானே, பரவாயில்லை" என்று வாங்கிவிட்டீர்கள்.

ஞாயிறு பின்னேரம் ஓவர்டைம் என்று சொல்லிப் புறப்பட்டீர்கள். தொழிற்சாலைக்கு யார் வெள்ளைச் சட்டையோடு போவார்கள்? அதையும் நான் கேட்கவில்லை. வெளியே நாலரைக்கே இருண்டுகொண்டு வந்தது. சோபாவில் கண்ணயர்ந்திருந்தேன். யாரோ அறைக்குள் கதைக்கிற மாதிரி இருந்தது. கதவைப் பார்த்தேன், பூட்டியிருந்தது. தொலைக்காட்சி ஓடவில்லை. கணினியும் நிறுத்தியே இருந்தது. மூலையில் ஸ்பீக்கரின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அதற்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், மிகச் சன்னமாக, தமிழில் வந்துகொண்டிருந்தது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து கிட்டப் போனேன். சொற்கள் புரியவில்லை. வயரைப் பிடுங்குவோம் என்று கையை வைத்தேன். கை பட்டதும் குரல் தெளிந்தது. எடுத்தேன், மங்கியது. மறுபடி வைத்தேன். என் உடம்புக்குள்ளால் ஏறி வருவதுபோல் அந்தக் குரல் என் ஊரின் பெயரைச் சொன்னது. பிறகு இரைச்சல். பிறகு "காலமானார்". மறுபடியும் இரைச்சல். அதற்குப் பிறகு, கொஞ்சமும் சந்தேகமில்லாமல், எங்கள் வீட்டின் இரண்டே பிள்ளைகளான அண்ணாவின் பெயரும் என் பெயரும், "ஆகியோரின் பாசமிகு" என்பதும் வந்தன. அந்த இடத்தில் குரல் அமிழ்ந்து போயிற்று. வயரை எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் வரவில்லை. அடுத்துக் கேட்டது நகைக்கடை விளம்பரம்.

அம்மாவா, அப்பாவா?

ரேடியோவை ஏன் கொண்டுபோனீர்கள், வெள்ளைச் சட்டை எதற்கு, எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சாவீட்டுச் செய்தி சொல்வதில்லை. எங்கள் சனத்தின் வழக்கம் அது. ஆனால் பிறந்த ஊர் தொடங்கிப் பேரப்பிள்ளைகள் வரை விரிவாக ஊருக்கு அறிவிக்காமல் இருப்பதும் எங்கள் சனத்தால் முடியாது. என் பெயரையாவது விடச் சொல்லி, இங்கே தன் வீட்டில் துக்கத்துக்குச் சனத்தைக் கூட்டி அறிவித்தலும் கொடுத்த பெரியப்பாவிடம் நீங்கள் கெஞ்சியதும், பெற்ற பிள்ளையின் பெயரை விட்டால் சனம் என்ன கதைக்கும் என்று அவர் மறுத்ததும் எனக்குப் பிறகு தெரிய வந்தது. ஊருக்கெல்லாம் சொன்னார்கள். எனக்கு மட்டும் மறைத்தார்கள்.

நீங்கள் வந்தீர்கள். தலை நனைந்திருந்தது. வாசலிலிருந்து நேராகக் குளியலறைக்குள் போய்விட்டீர்கள். கேட்கலாம் என்று எழுந்தேன். கேட்டால் சொல்லிவிடுவீர்கள். சொன்னால் இரண்டு பேரில் ஒருவர் இல்லை என்று ஆகிவிடும். கேட்காதவரை இரண்டு பேரும் பாதிப் பாதி உயிரோடு இருந்தார்கள். அழுத்தம் ஏறிப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால், வாய் தவறியதற்காக நீங்கள் காலம் முழுக்க உங்களையே தின்றுகொண்டிருப்பீர்கள். ஆகவே "சாப்பிடுவமா?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் யாருக்கும் விவரித்ததில்லை. நகரம் முழுவதற்கும் தெரிந்த ஒன்று என் வீட்டுக்குள் மட்டும் தெரியாதிருந்தது. டெலிபோனில் பெண்கள் தேனொழுகக் கதைத்தார்கள். என்ன சமைத்தாய் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேளாமலே வைத்தார்கள். கீழ்மாடி அன்ரி லிஃப்டில் என் தலையைத் தடவினா. "உடம்பைப் பாத்துக்கொள்ளும் பிள்ளை" என்றவரின் கண் என்னில் இல்லை, தரையில் இருந்தது. நான்தான் செத்துப்போய், அது தெரியாமல் இந்தக் கட்டடத்துக்குள் நடமாடுகிறேனோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

மீன் மணம் வயிற்றைப் பிரட்டுகிறது, இனி மச்சம் மாமிசம் சமைக்கமாட்டேன் என்றேன். உங்கள் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது. "ஓம், எனக்கும் அலுத்துப்போச்சு" என்றீர்கள். மீன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத மனிதர்! அப்படித்தான் ஒரே மேசையில், ஒரே சாவுக்கு, ஒருவருக்கொருவர் தெரியாமல் துக்கம் காத்தோம். நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள், நான் உங்களை ஏமாற்றினேன். நல்ல சோடி.

யார் என்பதை நானே தீர்மானித்துக்கொண்டேன். கடைசியாக அண்ணா கொழும்பிலிருந்து கதைத்தபோது அப்பாவுக்கு நெஞ்சுநோ என்றிருந்தார். ஊருக்கு டெலிபோன் இல்லை, அண்ணாவைக் கேட்டால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்பாதான். நீங்கள் வேலைக்குப் போனபின் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அப்பாவுக்காக அழுதேன். சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போனது, பாஸ்போட்டுக்கு அவர் கையெழுத்து வைத்துத் தந்தது, ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து முழுதாக அழுது முடித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், மூலையில் அந்தப் பச்சை விளக்கு எரியும்.

ஒவ்வொரு வார இறுதியும் நீங்கள் வெளியே போனதும் வயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சில நாள் வெறும் மூச்சுப்போல ஓர் இரைச்சல் வரும். சில நாள் பாட்டின் ஒரு துண்டு. மேகமாக இருந்தால் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் காதை எடுக்கவில்லை. பிள்ளை வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு நீங்கள் நேரத்தோடு திரும்பிவிட்டீர்கள். சாவி திரும்பும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. குரல் அப்போதுதான் எழும்பியிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கான அறிவித்தல். எங்கள் ஊரின் பெயர். திரும்பிப் பார்த்தபோது வாசலில் நின்றீர்கள். தோளில் பனி. உங்கள் முகம் சாம்பலாய்ப் போயிருந்தது. இல்லாத ரேடியோ கதைத்துக்கொண்டிருந்தது. நான் அதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். வயரைப் பிடுங்கி எறிவீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் நடந்து வந்து, பக்கத்தில் முழந்தாளிட்டு, வயரைப் பிடித்திருந்த என் கைமேல் உங்கள் கையை வைத்தீர்கள்.

குரல் பளிச்சென்று தெளிந்தது. பக்கத்தில் ஆள் நின்று சொல்வதுபோல், ஒரு சொல்லும் சிதறாமல் வந்தது. அது சொன்ன பெயர் அம்மாவினுடையது.

"அப்பா இல்லையோ?" என்றேன். அதுதான் என் வாயில் வந்தது.

"ஆர் சொன்னது அப்பா எண்டு? அப்பா இருக்கிறார். அம்மாதான்... எப்பவிருந்து உமக்குத் தெரியும்?"

"முதல் நாளே."

நீங்கள் அழுத அழுகையில் நான்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருந்தது. அம்மாவுக்காக எனக்கு அன்று ஒரு துளியும் வரவில்லை. மகள் பிறந்து, முதல்முதல் என் மார்பில் வாயை வைத்தபோதுதான் வந்தது. நல்ல சுகமாய்ப் பிறந்தாள். அந்த வயர் கவசமில்லாதது, உயரமான மாடியில் ஏரியல்போல ரேடியோ அலையைப் பிடிக்கும், கை வைத்தால் இன்னும் பிடிக்கும் என்று பிறகு வகுப்பில் கேட்டுவந்து எனக்கு விளக்கினீர்கள். நான் தலையாட்டினேன். நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீங்களும் அதன் பிறகு அந்த ஸ்பீக்கரை வீட்டில் வைத்திருக்கவில்லை.

உங்களிடம் மட்டும் சொன்ன ஒன்று உண்டு. அப்பா அதன் பின் நீண்ட காலம் இருந்தார். ஊருக்கு டெலிபோன் வந்தபின் கிழமைக்கு ஒருமுறை கதைப்பார். அவர் "பிள்ளை" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். நான் அழுது, நினைத்து, வழியனுப்பிவிட்ட மனிதர் மறுமுனையில் இருந்து மழை பெய்ததா, பிள்ளை பள்ளிக்கூடம் போறாளா என்று கேட்பார். அந்தக் குரலோடு நான் ஒருபோதும் இயல்பாகக் கதைத்ததில்லை. அவர் உண்மையாகவே போன அன்று எங்கள் வீடு நிறையச் சனம். என் கண் காய்ந்திருந்தது. பெண்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மா என் காது கேட்கவே, "கல்நெஞ்சுக்காரி" என்றா. அப்போது நீங்கள் தேநீர்த் தட்டோடு வந்து, "அவ அப்பவே அழுதிட்டா" என்றீர்கள். யாருக்கும் விளங்கவில்லை. நீங்களும் விளக்கவில்லை.

இப்போது அதைச் சொல்ல ஆளில்லை. நீங்கள் போனபோது மகள் வாசலில் நின்று, எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "அம்மா, sit down" என்றாள். யாரென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. சனம் வந்தது, போனது, அந்தியேட்டியும் முடிந்தது. நான் அழுகையை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி, "எவ்வளவு காலத்துக்குப் பிள்ளை உப்பிடி அழுறது?" என்று அன்பாகத்தான் கேட்டா. என்ன சொல்வது? அப்பாவுக்கு அவர் இருக்கும்போதே அழுது முடித்துவிட்டேன். உங்களுக்கு நான் ஒரு நாள்கூட முன்கூட்டி அழவில்லை.