பாதியில் நின்ற ஆரத்தித் தண்ணீர்

பள்ளியிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவினேன். விரல்களில் ஒட்டியிருந்த மஞ்சள் கறை சோப்பின் காரம் பட்டு அப்படியே சிவந்தது. குழாயை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ போன பிறகு உனக்கு ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. தாமதம்தான், ஆனாலும் இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த அந்த வருடம், ஏழாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் போனிலேயே நடத்தினாய். அதே பள்ளியில் உன்னோடு வேலை பார்த்த நானும் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உன் வகுப்பில் சேர்ந்திருப்பேன். ஏரியூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மீதிப் பேருக்குச் சிக்னல் வந்து வந்து போகும். அன்று மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு கரைக்கச் சொன்னாய். ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது.

“வூட்டுக்கு யாருடி வர்றாங்க, ஆரத்தி கரைச்சுக்கிட்டு உக்காந்திருக்க?”

“சயின்ஸ் டீச்சர்தாம்மா கரைக்கச் சொன்னாங்க.”

“ஏங்க டீச்சர், பாடம் நடத்துவீங்கன்னு பாத்தா ஆரத்தி கரைக்க வெக்கறீங்களே?”

“உங்க பொண்ணுக்குத்தாங்க சுத்திப் போடணும். இன்னிக்குத்தான் கேமராவயே ஆன் பண்ணியிருக்கா” என்றாய் நீ.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சுண்ணாம்பால் வந்த சிவப்பு, போன் திரையில் கறுப்பாகத்தான் தெரிந்தது. உனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “எலுமிச்சம்பழம் பிழிஞ்சா இது மறுபடி மஞ்சளாகும். அத நான் போன்ல காட்டமாட்டேன். ஸ்கூல் தொறக்கட்டும், நீங்களே பிழிஞ்சு பாருங்க” என்று முடித்துவிட்டாய். சோதனைக் குழாயைத் தொடத் தயங்கும் பிள்ளையிடம் வகுப்பில் எப்போதும் சொல்வாயே, “பயமா இருந்தா என் கையப் புடிச்சுக்க. ஆனா செய்யறது நீதான்” என்று. அன்று வகுப்பு முடிந்த பிறகு என்னிடம், “போன்ல இவங்க கையப் புடிக்க முடியலயே டீ” என்றாய்.

பள்ளி திறப்பதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் வகுப்பு எனக்கு வந்தது. என் பயம் உனக்குத் தெரியாததா? சுண்ணாம்புக் கையோடு ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிவிட்டால்? அதனால் வருடா வருடம் வீடியோதான் காட்டினேன். போன வாரம் பரீட்சையில் எலுமிச்சைக் கேள்விக்கு எல்லோரும் சரியாகவே எழுதியிருந்தார்கள். தாளை வாங்கிக்கொண்டே ஒரு பெண் கேட்டாள்: “நெஜமா மஞ்சளாகுமாங்க டீச்சர்? வீடியோல எது வேணா காட்டுவாங்கல்ல?”

இன்று எலுமிச்சம்பழங்களோடு போனேன். சுண்ணாம்பை நானே கலந்தேன். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் வைத்தும், கண்ணைத் தொடக் கூடாது என்று நாலு தடவை சொன்னேன். கிண்ணங்கள் சிவந்தன. மற்றவர்கள் பிழிந்து பார்த்துக் கூச்சல் போட, கேள்வி கேட்ட அந்தப் பெண் மட்டும் பழத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

“நேத்துதாங்க எங்கக்காவுக்கும் கொழந்தைக்கும் ஆரத்தி எடுத்தோம். இத மாத்துனா அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிடுமாங்க?”

சிரிக்க முடியவில்லை. என் மகள் தும்மினாலே மனம் எங்கெங்கோ போய்விடுகிறவள் நான். “ஒண்ணும் ஆகாது கண்ணு. பயமா இருந்தா என் கையப் புடிச்சுக்க” என்று வாய் தானாகச் சொன்னது. அவள் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பிழிந்தாள். சிவப்பு கலைந்து மஞ்சள் வந்தது. அவள் பிடி தளர்ந்ததை என் விரல்கள் உணர்ந்தன. நீ போனில் தேடியது இதைத்தான் போலிருக்கிறது.

யுகேஜி படிக்கும் என் மகள், நான் கை கழுவுவதைக் குளியலறை வாசலில் நின்று பார்த்துவிட்டாள். “அம்மா, ரத்தமா?” முகம் அழப் போனது. அந்த முகம் அப்படியே என் முகம்.

பையில் மிச்சமிருந்த அரைப் பழத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். சிவந்த விரல்களை அவள் முன்னால் நீட்டினேன்.

“புழி பாப்பா. செய்யறது நீதான்.”