அண்ணனும் புகைந்த கம்ப்யூட்டரும்

பேர் சொல்லிக் கூப்பிட்டால் பொய்க்கோபம் காட்டுகிற என் குமரேசண்ணாவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் நடந்ததுதான் காரணம்.

அன்வர் பாய் வந்திருந்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் உன்னோடு எலக்ட்ரீஷியனாக வாழ்நாளைக் கழித்தவர், பேசாமல் இருப்பாரா? "எங்க தோஸ்த்து ஒரு கம்ப்யூட்டரையே பொகைய உட்டவன்" என்று ஆரம்பித்தார். அண்ணி அழுகைக்கு நடுவில் சிரித்தார். உன் மகள் கவிதா, "அப்பா கைய வெச்சா அவ்ளோதான்" என்றாள். பந்தியே சிரித்தது. நானும் இலையைப் பார்த்தபடி சிரித்தேன், அண்ணா.

எண்பதுகளின் நடுவில் அன்வர் பாயின் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சின்னக் கம்ப்யூட்டர்ப் பெட்டி அது. டி.வி.யில் மாட்டி விளையாடுவது. ரப்பர் பொத்தான்கள், புரோகிராமை ஏற்ற ஒரு டேப் ரெக்கார்டர். அவர் வீட்டில் அலுத்துப்போய், நீயே வைத்து எதையாவது செய் என்று உன்னிடம் கொடுத்திருந்தார். நான் அப்போது ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலில் போய் பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கம்பெனி ஆபீஸ் மூலையில் ஒரு பழைய பிரிண்டர் கிடந்தது. ஏற்றுமதிக்குப் போகிற ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்கும் எந்த சைஸில் எத்தனை ஜோடி என்ற பட்டியலை டைப்பிஸ்ட் ஒருவர் அடித்து மாய்ந்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் இணைத்தால் என்ன என்று உனக்குத் தோன்றியது. ஓட்டிக் காட்டினால் உன்னை ஆபீசுக்கு மாற்றி, மெட்ராசுக்குப் பயிற்சிக்கும் அனுப்புகிறேன் என்றார் மேனேஜர். பிரிண்டரை வீட்டுக்கு எடுத்துப்போகவும் விட்டார்.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் பிரிண்டரோடு பேச வழியே இல்லை. எழுத்தைத் துண்டு துண்டாக்கி, ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிற சீரியல் போர்டு வேண்டும். ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்து நீ போர்டை ஈயம் வைத்துப் பற்றவைத்தாய். நான் புரோகிராம் எழுதினேன். கம்ப்யூட்டருக்கு ஐந்து வோல்ட், பிரிண்டருக்குப் பன்னிரண்டு; இரண்டையும் ஒத்துப்போக வைக்கிற சிப் போர்டில் இருந்தது. "நடுவுல இந்த சிப்பு இல்லாம ரெண்டையும் தொட வெச்சிடாத விஜி" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய்!

மேனேஜருக்குக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின மதியம், நீ ஷிப்டில் இருந்தாய். 'கொஞ்சம் பொறு' என்று பிரிண்டர் சொல்லியனுப்ப ஒரு ஒயர் உண்டே, அதில் எதுவும் வரவில்லை. தப்பு என் புரோகிராமில் இருந்திருக்கலாம். எனக்கோ உன் போர்டின் மேல் சந்தேகம். நீ வருவதற்குள் நானே ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வேகம். அந்த ஒயரைப் போர்டிலிருந்து கழற்றி, சிப் நடுவில் இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டரில் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் டி.வி.யில் கோடு கோடாக ஓடியது. கருகல் வாடை வந்தது.

ஒயரைப் பழைய இடத்திலேயே பற்றவைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். தெருமுனையில் தோல் பதனிடுகிற ஷாப்பின் நாற்றம் உள்ளே வந்து கருகலை மூடிவிட்டது.

சாயங்காலம் அன்வர் பாயையும் கூட்டிக்கொண்டு வந்தாய். நீ சுவிட்சைப் போட்டதும் பெட்டியிலிருந்து புகையே வந்துவிட்டது.

"எங்கியோ ஷார்ட்டு. நான்தான் சரியா பாக்கல" என்றாய். நான் புகை போக ஜன்னலை இன்னும் அகலத் திறந்தேன்.

மறுநாள் மேனேஜரிடமும் அதையேதான் சொன்னாய். சில வாரத்தில் மெட்ராசிலிருந்து வேறொருவரை எடுத்தார்கள். தன் பெட்டி போனதற்கு அன்வர் பாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேர் மட்டும் வைத்தார்: பொகை இன்ஜினியர். ரிட்டயர் ஆகும்வரை கம்பெனியில் உனக்கு அதுதான் பேர்.

நீ விடவில்லை. மூன்று மாதம் கழித்து மெட்ராஸ் போய்த் தேடி, கம்ப்யூட்டருக்குள் எரிந்த சிப்புக்கு மாற்று வாங்கிவந்தாய். முதலில் கன்னாபின்னாவென்று அடித்த பிரிண்டர், புரோகிராமில் நான் ஒரு வரியை மாற்றியதும் ஒழுங்காக அடித்தது. சைஸ் ஏழு, பன்னிரண்டு ஜோடி. சைஸ் எட்டு, பதினெட்டு ஜோடி. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மேனேஜரிடம் காட்டலாமே என்றேன்.

"வேணாம் விஜி. புதுசா வந்தவர் நல்லா பண்றார். இப்ப போயி இன்னா சொல்றது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததோடு போயிற்றா? என் முதல் வேலைக்கான இன்டர்வியூவில், கையால் எதையாவது செய்து பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்கள். அந்தப் போர்டைப் பற்றிச் சொன்னேன், உன் பேரைச் சொல்லாமல். வேலை கிடைத்தது. போன வருஷம் ரிட்டயர் ஆகும்வரை கம்ப்யூட்டர்தான் எனக்குச் சோறு போட்டது. எனக்கு வேலை கிடைத்ததென்று ஸ்வீட் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தவன் நீ.

ஒன்று கேட்கிறேன். உன் பற்றவைப்பு கண்ணாடி மாதிரி பளபளக்கும். என்னுடையது மங்கலாக, உருண்டையாக இருக்கும். சிப் மாற்றின அன்று போர்டில் நான் பற்றவைத்த ஒயரின் அடியில் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு அதை உருக்கி எடுத்துவிட்டு, நீயே புதிதாகப் பற்றவைத்தாய். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உனக்குத் தெரியுமா, அண்ணா? தெரிந்தேதான் இத்தனை வருஷம் அந்தப் பேரோடு சிரித்துக்கொண்டிருந்தாயா? தெரியாமல் போயிருந்தால் அது இன்னும் மோசமில்லையா? இந்தக் கேள்விதான் என்னை உட்கார விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் வருகிறேன். அன்வர் பாயையும் வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறேன். அப்பா இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே அத்தை என்று கவிதா கேட்பாள். இருந்தாலும் அவளும் அண்ணியும் பாயும் கேட்க, கம்ப்யூட்டரைப் புகைய விட்டது நான்தான் என்று சொல்லிவிடுவேன். இந்த முறை பின்வாங்க மாட்டேன், அண்ணா.

உன் கூடப்பிறந்தவள்,
விஜயா