கையால் சுற்றும் கண்ணாடி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

இங்கே சின்னக் கார்களைத் தண்ணீரிலும் ஓடும்படி மாற்றுகிறோம். கதவுகளை வெல்டிங் வைத்து அடைத்துவிடுவதால் ஜன்னல்தான் வாசல். தண்ணீரில் இறங்கியதும் அலை தெறிக்காமல் கண்ணாடியை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

போன வாரம் குளத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒரே கூத்து! காலடியில் தண்ணீர் ஏறி பேட்டரி நனைந்ததும், பட்டனை எவ்வளவு அமுக்கியும் கண்ணாடி இறங்கவில்லை. முதலாளி கரையிலிருந்து, "கண்ணாடிய இறக்குடா!" என்று கத்த, நான் உள்ளேயிருந்து கையை ஆட்டினேன். கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். சட்டைகூட முழுதாக நனையவில்லை.

கையால் சுற்றும் கண்ணாடி வைக்கலாம் என்றேன். "அந்தக் காலத்து வண்டின்னு சொல்லி எவனும் வாங்கமாட்டான். பேசாம வேலையப் பாரு" என்றார்.

நம் பட்டறையில் பழைய வண்டியில் கழற்றிய கைப்பிடியும் பல்சக்கரமும் கிடக்கும். அனுப்புங்கள்; அவருக்குத் தெரியாமல் என் பக்கம் மாட்டிக்கொள்கிறேன். கூடவே என் பழைய தலையணை உறையையும் வையுங்கள். இங்கே தூக்கமே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை ஆற்றில் இறக்குகிறோம். ஓட்டப்போவது நான்தான். பார்சல் அதற்குள் வராது, தெரியும். இருந்தாலும் அனுப்புங்கள். எதற்கென்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்