மீன் அரிந்த காயம்

செவ்வாய்க்கிழமை. விடாத மழை.

கீரமங்கலம் பக்கத்து நார் மில்லுக்குள் இன்று சொல்லாமல் நுழைந்தேன். தொழிற்சாலை ஆய்வாளருக்கு அந்த அதிகாரம் உண்டு. தேங்காய் மட்டையை இழுக்கும் இயந்திரத்தின் வாயில் தடுப்பே இல்லை. அதில் மட்டை தள்ளும் மல்லிகாவின் வலது கையில் கட்டு. இரண்டு விரல்கள் போய்விட்டன.

முதலாளியை வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தனியாக விசாரித்தேன். அந்த அதிகாரமும் உண்டு.

"வீட்டுல மீன் அரியும்போது அருவாமனை வெட்டிருச்சு சார்."

"பயப்படாம உண்மையச் சொல்லும்மா."

"சொன்னா மில்லப் பூட்டிருவீங்க. நாங்கெல்லாம் எங்கிட்டுப் போறது?"

மில்லைப் பூட்டமாட்டேன், தடுப்பு போடும்வரை இயந்திரத்தை மட்டும் நிறுத்துவேன் என்றேன். நம்பவில்லை. எரிச்சலாக வந்தது. எப்படியோ போ என்று மீன் கதையையே வாக்குமூலமாக எழுதி, இடது பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டேன்.

இயந்திரத்தை நிறுத்த உத்தரவு கொடுத்துவிட்டுக் கிளம்பியபோது முதலாளி ஜீப்வரை குடை பிடித்து வந்தார். மல்லிகா நனைந்துகொண்டு பின்னால் வந்தாள்.

"வீட்டுக் காயம்னு அவளே சொல்லிட்டா. இனி நஷ்டஈடுன்னு எவனும் எங்கிட்ட வர முடியாது. அதுல ஒரு காப்பி குடுங்க சார்," என்றார். பிறகு அவளைப் பார்த்து, "இந்தக் கைய வச்சுக்கிட்டு என்னத்தத் தள்ளுவ? நாளையிலேருந்து வராத."

அவள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"சார், அந்தத் தாளக் கிழிச்சிருங்க."

அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை.