திறக்க விடாத பெட்டி

செவ்வாய், இரவு

கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் ரஹ்மத் அக்கா, தன் கையகலக் கம்ப்யூட்டரைப் பேட்டையிலுள்ள என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தார். மெதுவாக ஓடுகிறதாம், மெமரி கூட்ட வேண்டுமாம். கழற்றிப் பார்த்தேன். மெமரியை உள்ளிருக்கும் மின்பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். கூட்ட வழியே இல்லை. இடத்தை மிச்சம் பிடித்து, உள்ளே ஃபேன்கூட வைக்கவில்லை; சத்தமே வராது.

கடையிலிருந்த அதே கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டரை ஓடவிட்டுக் காட்டினேன். அதன் மூடி கையாலேயே கழலும்; எதையும் மாற்றலாம்.

"இதுக்கு மாறிருங்கக்கா."

அக்கா அதன் ஃபேன் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டார்.

"வேண்டாம்மா. கைப்பிள்ள பக்கத்துலதான் தூங்குவா. அவ முழிச்சுட்டா எனக்கு வேலையே ஓடாது. என்னோடது பையவே ஓடட்டும்."

பற்றவைத்தவர்களை இத்தனை வருடம் திட்டியிருக்கிறேன். ஒரே கம்பெனி ஏன் இரண்டு விதமாகச் செய்கிறது என்று இன்றுதான் யோசிக்கிறேன். சின்னதை வடிவமைத்தவர் வீட்டிலும் கைப்பிள்ளை இருந்திருக்குமோ?